காய்ந்த பிறகு தெரியும் நிறம்

நேற்றுக் காலை என் வீட்டு முன்சுவருக்கு வெள்ளையடிக்க ஒருவர் வந்தார். போன மாரியில் சுவர் வெடித்து, மேசன் வந்து சீமெந்து வைத்துப் பூசிவிட்டுப் போன இடம் அது. முழுச் சுவரும் வேண்டாம், பழைய நிறத்துக்குப் பொருத்தமாகக் கலந்து அந்த இடத்துக்கு மட்டும் பூசினால் போதும் என்று சொல்லியிருந்தேன். அவர் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, மஞ்சள் தூளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக் கலக்கினார். ஈரச் சுண்ணாம்பின் வாசம் குசினி வரைக்கும் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

பூசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாருங்க ரீச்சர், எங்க அடிச்சன் எண்டு தெரியுதா?" என்றார். பெருமையாகத்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, அவ்வளவு பொருத்தமாக இருந்தது. நான் யோசிக்காமல், "காஞ்சாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அது என் பேச்சு இல்லை, உன் பேச்சு என்று உறைத்தது. நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. உயிரோடு இருந்த காலத்தில் உன் சொல் ஒன்றைக்கூட நான் ஒழுங்காகக் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே என் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசிக்க நீ இல்லை என்பது எனக்கு விளங்காமல் இல்லை. எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

நீ சித்திர ரீச்சர், நான் மனையியல் ரீச்சர். றோட்டோரப் பள்ளிக்கூடத்தில் உன் அறையும் என் அறையும் அடுத்தடுத்து. நமக்கிடையில் ஒரு பலகைத் தட்டி. அதற்கு மேலால் நீ கை நீட்டி என் மா அரிக்கும் அரிதட்டை எடுப்பாய். சுண்ணாம்பு அரித்துவிட்டு, கழுவினேன் என்று சொல்லித் திருப்பித் தருவாய். பிள்ளைகள் சுட்ட கேக் ஒன்றில் சுண்ணாம்பு வாடை வந்ததற்கு அதிபரிடம் பேச்சு வாங்கியது நான். உனக்கு அது இன்றைக்கும் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

உன் படங்களைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் விளங்கியதில்லை என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். நீயும் மறுக்கவில்லை. பழுப்பு மஞ்சளாக ஒரு பெரிய பலகை. அதன் நடுவிலோ ஓரத்திலோ, கிட்டத்தட்ட அதே பழுப்பு மஞ்சளில் ஒரு பெட்டி. அவ்வளவுதான் படம். சிலதில் இரண்டு பெட்டி. பூ இல்லை, பறவை இல்லை, மனிசர் இல்லை. வாவிக்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு ஒரு தோணிகூட நீ வரைந்ததில்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஒரு படம் கேட்டால், "அதெல்லாம் எனக்கு வராது" என்று பால் விடாத பிளேன்ரீயைக் கொடுத்து அனுப்பிவிடுவாய்.

கொழும்பில் இருந்து உன்னைத் தேடி வந்தவர் ஒருவர் இருந்தார். படங்களைக் கொண்டுபோய்க் கண்காட்சி வைப்பவர். நல்ல மனிதர், ஆனால் பேச்சு அதிகம். உன் படங்களில் வாவியின் ஒளி இருக்கிறது, அறுவடை முடிந்த வயல்வட்டையின் நிறம் இருக்கிறது என்று அச்சடித்தே விட்டார். அதை வாசித்துவிட்டு நான் உன் விறாந்தையில் இருந்து வயிறு நோகச் சிரித்தேன். ஏனென்றால் நீ வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்வாய். தண்ணீரில் வெயில் பட்டுத் தெறித்து நிறத்தை மாற்றிக் காட்டுமாம். அதற்காகவே வாவிப் பக்கத்து யன்னலைச் சாக்கால் மறைத்து வைத்திருந்தாய். படங்களுக்கான எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டபோது நீ ஒரே சொல்லில், "செவர்" என்றாய். அவர் இன்னும் ஏதோ வரும் என்று பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ எழும்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

எந்தச் சுவர் என்று எனக்குத் தெரியும். ஊரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் நீ சொல்லவில்லை.

அந்த யுத்த காலத்தில் நம் பள்ளிக்கூட மதிலில் விடிந்தால் ஏதாவது எழுதியிருக்கும். ஒரு பகுதியினர் எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த பகுதியினர் வந்து யார் எழுதியது என்று கேட்பார்கள். யார் வந்தாலும் நாம் "வந்தவங்க" என்றுதான் சொல்வோம், பெயர் சொல்லும் பழக்கம் இல்லை. நிறம் தெரிந்த ஆள் என்று அதிபர் உன்னைத்தான் பிடிப்பார். நீ கலந்து கொடுக்க, காவலாளி பூசுவார். அதில் உனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. வேலைக்கு வேலை, வெயிலுக்கு வெயில் என்று முணுமுணுப்பாய், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு யாரும் உன்னைச் சொல்லவில்லை. பொழுது விடியும் நேரம் என் வீட்டுப் படலையைத் தட்டினாய். மதிலுக்குக் கிட்ட என் வீடுதானே. கையில் வாளி. "அரிதட்டைத் தாகா சுறுக்கா" என்றாய். என்ன என்று கேட்டேன். "மதில்ல தம்பிர எழுத்து."

உன் தம்பி டவுனில் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை செய்தான். அவனோடு வேலை செய்த கூட்டாளியை அதற்கு முந்தின கிழமைதான் வந்தவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். தம்பி அடுப்புக் கரியை எடுத்துக்கொண்டு போய் மதிலில் ஒரு வரி எழுதியிருந்தான். 'எங்கள் கூட்டாளி எங்கே?' அவ்வளவுதான். ஏச்சு இல்லை, மிரட்டல் இல்லை, கேள்வி மட்டும். எழுத்துப் பழக்கியது நீயானபடியால் றோட்டில் வரும்போதே அடையாளம் கண்டுவிட்டாய். மற்றவர்களும் கண்டுவிடுவார்கள் என்று பயந்தாய்.

நான் வாளியைப் பிடித்தேன், நீ பூசினாய். அவசரத்திலும் நீ விடவில்லை. மதில் பழுத்த மஞ்சள், அதில் பாசியும் புழுதியும். நீ சுண்ணாம்புக்குள் மஞ்சளும், என் வீட்டுத் தேயிலைச் சாயமும், கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் சேர்த்தாய். பூசி முடித்தபோது எழுதிய இடமே தெரியவில்லை. நான் உன் தோளில் தட்டி, கெட்டிக்காரி என்று சொன்னேன். இருவரும் முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலப் பள்ளிக்கூடம் போனோம்.

சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். உனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வேறு நாட்களில் பூசிய இடங்கள் வெளுத்துப்போய்த்தான் இருந்தன, யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. அன்றைக்கு இடைவேளை மணி அடித்தபோது யன்னலால் பார்த்தேன். மதிலில் வெள்ளைவெளேரென்று ஒரு பெட்டி. அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதிபர் இன்னும் மூடச் சொல்லாத எழுத்துகள் அழியாமல் கிடந்தன. இது ஒன்று மட்டும் புதிதாக மூடிக் கிடந்தது. நீ வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாய், கரியும் மஞ்சளும் எடுத்து வந்து திருத்த.

வந்தவர்கள் நாள்தோறும் அந்த றோட்டால் போகிறவர்கள்தான். எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கும் அலுத்திருந்தது. எழுதினபடியே விட்டிருந்தால் நிற்காமல் போயிருப்பார்கள் என்று காவலாளி பிறகு சொன்னார். அவர்களை நிறுத்தியது அந்த வெள்ளை. யார் மூடியது, அடியில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். வழக்கமாகக் கலந்து கொடுப்பது சித்திர ரீச்சர், இப்போதுதான் வீட்டுக்குப் போனார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவரையும் குற்றம் சொல்ல முடியாது, தலைக்கு மேல் துவக்குக் குழல்.

அவர்கள் உன் வீட்டுக்கு வந்தபோது தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மதிலுக்குப் பூசியது யார் என்று கேட்டார்கள். நீ வாய் திறக்க முதல் அவன் எழும்பிவிட்டான். "நான்தான் அடிச்சன். அக்காக்கு ஒண்டும் தெரியா." எழுதியது யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. மூடியதற்குத்தான் அவனைக் கொண்டுபோனார்கள். கை கழுவவும் விடவில்லை.

"சோத்துக் கையோட போனான்கா." இதை நீ எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை. அவன் வரவும் இல்லை. முகாம் முகாமாகத் திரிந்தாய், கடிதம் எழுதினாய், விசாரணைக்கு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாய். அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவாமல் எவ்வளவு காலம் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அதில் எறும்புகூட இல்லை.

நீ பலகையில் பூசத் தொடங்கியது அதற்கு அடுத்த வருடம். உன் வேலை முறையைக் கொழும்புக்காரர் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார். எனக்கு எல்லாம் பாடம். முதலில் ஒட்டுப் பலகையில் மெல்லிசாகச் சாந்து பூசுவாய். அதற்கு மேல் பழைய மதில் நிறம். பிறகு அதைக் கொண்டுபோய்க் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் சாத்திவைப்பாய். மழைத் தூவானமும் றோட்டுப் புழுதியும் பட்டு அது உண்மையான மதில் போல ஆகும்வரை தொடமாட்டாய். ஒரு மாரியும் ஒரு கோடையும் போகும். அதற்குப் பிறகு கரிக்கட்டியால் அதே வரியை எழுதுவாய். 'எங்கள் கூட்டாளி எங்கே?' தம்பியின் எழுத்திலேயே எழுதுவாய். பிறகு கலந்து, அந்த வரியை மூடிப் பூசுவாய். கரி கொஞ்சம் கரைந்து சுண்ணாம்போடு சேரும். அந்தச் சாம்பல் நிறத்தையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு நாள் எனக்கு விளக்கினாய். நான் மீன் வெட்டிக்கொண்டே கேட்டேன்.

பூசியதும் பார்க்க மாட்டாய். அடுத்த நாள் பத்து மணி கழிந்த பிறகுதான் அறைக் கதவைத் திறப்பாய். இடையில் நான் எட்டிப் பார்த்து, நல்லா இருக்கு என்றால், "காஞ்சாத்தான் தெரியும்" என்பாய். காய்ந்தால் பெட்டி தெரியும். எப்போதும் தெரிந்தது. சில வேளை வெள்ளையாக, சில வேளை நீலம் பாய்ந்து, சில வேளை மதிலை விட ஒரு சொட்டுக் கூடுதலாகப் பழுத்து. நீ அதைத் தூக்கி உள்ளறையில் சுவரைப் பார்க்கச் சாத்திவிட்டு அடுத்த பலகையை எடுப்பாய்.

நிறம் தேடி நீ திரிந்ததற்கு ஒரு கணக்கில்லை. செங்கலடிக்கு ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில், ஓர் இடிந்த வீட்டுச் சுவரைக் கண்டு சாறியோடு மதில் பாய்ந்தாய். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். சுரண்டி எடுத்த தூளைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டுதான் பந்திக்கு வந்தாய். காத்தான்குடியில் சாயக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், நாம் நானா என்று கூப்பிடுகிறவர், நெசவுக்காரர் வாங்கிப்போன சாயத் தூளில் மிஞ்சியதை உனக்கென்று பொட்டலம் கட்டி வைப்பார். எல்லாம் மஞ்சளும் பழுப்பும். ஒரு முறை அவர் பொறுக்காமல், "ரீச்சர், நல்ல பச்சை வந்திருக்கு, ஒருக்காப் போட்டுப் பாருங்களன்" என்றார். அவர் மனம் நோகக் கூடாது என்று அந்தப் பச்சையையும் வாங்கினாய். அது பிரிக்காமலே உன் அலமாரித் தட்டில் கிடக்கிறது.

ஒரு பின்னேரம் நான் உன்னோடு சண்டை பிடித்தேன். எத்தனை வருடமாக இந்த விசர் வேலை, கொண்டுபோனவங்க செய்த பாவத்துக்கு நீ ஏன் சுண்ணாம்பைக் குடிக்கிறாய் என்று கத்தினேன். நீ தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாய். "கொண்டுபோனது ஆர் எண்டு எனக்குத் தெரியும். நிறம் பிழைச்சதும் எனக்குத் தெரியும்" என்றாய். நான் மற்றத் தூரிகையை எடுத்துக் கழுவினேன்.

கொழும்புக் கண்காட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். குளிரூட்டிய மண்டபம், ஆட்கள் கையில் கண்ணாடிக் கோப்பைகளோடு உன் பெட்டிகளுக்கு முன்னால் தலையைச் சரித்துக்கொண்டு நின்றார்கள். பாதிக்கு மேல் விலைபோனது. ஒரு பெண் அழுதேவிட்டாள், எதற்கென்று அவளுக்கும் தெரியாது. நீ ஒரு மூலைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல இருந்தாய். திரும்பி வரும்போது இரயிலில் என் காதுக்குள், "தோத்ததெல்லாம் விக்குதுகா" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அந்த வீடுகளில் எல்லாம் இப்போது தம்பியின் கேள்வி சுண்ணாம்புக்கு அடியில் தொங்குகிறது. சாப்பாட்டு மேசைக்கு மேலே, கட்டில் தலைமாட்டில். யாருக்கும் தெரியாது.

சுண்ணாம்புத் தூள் உன் நெஞ்சைத் தின்றுவிட்டது. வாயைத் துணியால் கட்டு என்று டொக்டர் சொன்னார், கட்டினால் நிறம் மணக்காது என்று நீ சொன்னாய். நிறத்துக்கு மணம் ஏது என்று நான் ஏசினேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது கதைக்க மூச்சு இல்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டாய். "அறையில ஒண்டு காயுது. பத்து மணிக்குப் பிறகு போய்ப் பார்" என்றாய். சரி பார்க்கிறேன் என்று கையைத் தடவிவிட்டேன். காய்ச்சல் பிதற்றல் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் பத்து மணிக்கு நீ இல்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு உன் அறைக்குப் போனேன். தாங்கியில் ஒரு பெரிய பலகை நின்றது. பழுத்த மஞ்சள், ஓரத்தில் பாசி, புழுதி. பெட்டி இல்லை. நீ எழுதவும் இல்லை, பூசவும் இல்லை, அதற்குள் படுத்துவிட்டாய் என்று நினைத்தேன். சத்தம் போட்டு அழுதேன். உன்னைப் பெட்டியில் வைத்தபோதுகூட அப்படி அழவில்லை.

கொழும்புக்காரர் லொறி கொண்டு வந்தார். உள்ளறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி, துணி சுற்றி ஏற்றினார். அந்தப் பெரிய பலகையை மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்துவிட்டு, இது இன்னும் தொடங்காதது என்று ஒதுக்கி வைத்தார். நல்ல பலகை, வீணாகப் போகக் கூடாது என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோழிக்கூட்டுக்கு மேல் போட்டால் தூவானம் அடிக்காது என்பது என் எண்ணம். மனையியல் ரீச்சருக்கு வேறு என்ன தோன்றும்?

முற்றத்தில் வைத்துப் புழுதியைக் கையால் துடைத்தேன். நடுவில் விரல் எதிலோ தட்டியது. நூல் அளவு மேடு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன், சரித்துப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். மஞ்சள் ஒரே மஞ்சள்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலை அந்த மேட்டில் வைத்து நகர்த்தினேன். நேராகப் போனது, மூலையில் திரும்பியது, கீழே இறங்கியது, சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் நின்றது. ஒரு பெட்டி. உள்ளே ஒரு வரி நீளத்துக்கு இடம்.

முற்றத்து மண்ணிலேயே குந்திவிட்டேன். பிடித்துவிட்டாய். கடைசியில் பிடித்துவிட்டாய். நீ போய்ப் பார்க்க முடியாத நாளில் அது காய்ந்திருக்கிறது.

பலகை இப்போது என் வீட்டுச் சாலையில், முன்கூடத்தில், மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் வெறும் பலகையை ஏன் மாட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். மகள் வெளிநாட்டில் இருந்து பேசும்போது, அதில் ஒரு சுவாமிப் படமாவது ஒட்டுங்களம்மா என்கிறாள். நான் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. எனக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. டவுனுக்குப் போனால் மதில்களில் விரலை ஓட்டிக்கொண்டே நடக்கிறேன். இப்போது எல்லாச் சுவரிலும் பறவையும் மீனும் பூவுமாக வரைந்து வைத்திருக்கிறார்கள், பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. விரலை வைத்தால் அடியில் பெட்டி பெட்டியாகத் தட்டுகிறது.

நேற்று வெள்ளையடித்தவரை நான் போகவிடவில்லை. சோறு போட்டு, பிளேன்ரீ கொடுத்து இருத்தி வைத்தேன். வெயில் ஏறி, அவர் பூசிய இடம் நன்றாக வெளுத்துத் தெரிந்தது. மனிதருக்குக் கோபம். முழுச் சுவரையும் அடித்துவிடுகிறேன், மேலதிகமாக ஒன்றும் தர வேண்டாம் என்றார். அப்படியே கிடக்கட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு உள்ளே வந்து உன் பலகைக்கு முன்னால் நின்றேன். இப்படி ஒரு நிறம் அன்றைக்கு அந்த மதிலில் காய்ந்திருந்தால், வந்தவர்கள் நிற்காமல் போயிருப்பார்கள். நீ சைக்கிளில் வீட்டுக்கு ஓடியிருக்க மாட்டாய். தம்பி சாப்பிட்டு முடித்து, எழும்பிப் போய்க் கை கழுவியிருப்பான்.